அவையில் நான்கு இருக்கைகள்

தன்னாட்சி கோரும் சமூகம் முதலில் கேட்பது நிலத்தையும் அதிகாரத்தையும். ஆனால் அவற்றிற்கெல்லாம் முன்னதாக விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஆளப்போகும் ‘நாம்’ யார்? தன் உறுப்பினர் யாவர் என்று முடிவு செய்ய இயலாத சமூகத்திற்குத் தன்னாட்சி உண்டென்பது வெறும் பேச்சு. அந்த உரிமையைக் கொண்டே அது தன் நெடுநாளைய தோழர்களை வாசலுக்கு வெளியே நிறுத்துமானால் என் செய்வது? வெளியார் தலையிடலாமா? அதுவும், அச்சமூகத்தை முன்னர் நாடு கடத்திய அரசே நடுவராக வந்து நின்றால்? ஐக்கிய அமெரிக்காவின் ஓக்லகோமா மாநிலத்தில் வாழும் செமினோல் தேசத்தார் இக்கேள்விகளை வாழ்ந்தே அறிந்தவர்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் கிரீக் இனத்தாருள் ஒரு பகுதியினர் தெற்கே புளோரிடாவில் குடியேறினர். செமினோல் மக்கள் உருவானது இவ்வாறே. வெள்ளையரின் தோட்டங்களிலிருந்து தப்பிய கறுப்பின அடிமைகளும் அங்கே அடைக்கலம் புகுந்தனர். இவர்கள் தனி ஊர்களில் வாழ்ந்து, விளைச்சலில் ஒரு பங்கைச் செமினோல் தலைவர்களுக்கு அளித்து, போர் வந்தபோது அவர்களோடு தோளோடு தோள் நின்றனர். இந்த உறவைச் சமத்துவம் என்று புனைந்துரைக்க வேண்டியதில்லை. அடிமை என்ற பெயர் சிலர்மீது ஒட்டியே இருந்தது. ஆயினும் 1835 முதல் 1842 வரை நடந்த போரில், அமெரிக்கப் படைத்தலைவர் ஜெசப், தாம் உண்மையில் போரிடுவது கறுப்பரோடுதான் என்று தம் மேலிடத்திற்கு எழுதும் அளவுக்கு அவர்களுடைய பங்கு பெரிதாயிருந்தது. தோல்விக்குப்பின் மேற்கே துரத்தப்பட்ட போதும் இரு சாராரும் அதே வழியில்தான் சென்றனர்.

உள்நாட்டுப் போர் முடிந்தபின் 1866இல் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. செமினோல்களின் நிலம் 21,69,080 ஏக்கரை ஏக்கருக்கு 15 செண்டு வீதம் அரசு எடுத்துக்கொண்டது. பதிலாக, அண்டையிலிருந்த கிரீக் மக்களிடம் 30 செண்டுக்குப் பெற்ற நிலத்தில் 2,00,000 ஏக்கரை இவர்களுக்கு 50 செண்டு வீதம் விற்றது. பகற்கொள்ளைக்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுமா? அதே உடன்படிக்கைதான் அடிமைமுறையை ஒழித்து, செமினோல்களிடையே வாழ்ந்த ஆப்பிரிக்க வழியினர் அனைவருக்கும் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கும் பிறவிக் குடிகளுக்குரிய எல்லா உரிமைகளும் உண்டென்று உறுதியளித்தது. கொள்ளையும் நீதியும் ஒரே தாளில்!

அந்த உறுதி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. இன்று செமினோல் தேசத்தில் பதினான்கு குடிகள் உள்ளன. குடிக்கு இருவராக 28 பேர் அமர்வது பொது அவை. விடுதலை பெற்ற கறுப்பரின் வழிவந்தோருக்கு டோசர் பார்க்கஸ், சீசர் புரூனர் என்னும் இரு குடிகள், அதாவது நான்கு இருக்கைகள். செமினோல்களின் பழைய மரபில் குடியுறவு தாய்வழி வருவது. குருதியைப் பின்னமாக்கி அளக்கும் வழக்கம் அம்மரபில் இல்லை. நிலத்தைத் தனித்தனியே பங்கிடுவதற்காக 1893இல் அமைக்கப்பட்ட டாஸ் ஆணையம்தான் ‘குருதியால் செமினோல்’ என்றும் ‘விடுதலை பெற்றோர்’ என்றும் இரு பட்டியல்களை எழுதியது.

பிளவை முற்ற வைத்தது பணம். புளோரிடாவில் பறிபோன நிலத்திற்கு ஈடாக 1976இல் சுமார் 1 கோடியே 60 லட்சம் டாலர் வழங்க ஆணையாயிற்று. அதில் நாலில் மூன்று பங்களவு ஓக்லகோமாவினருக்கு என 1990இல் காங்கிரஸ் வகுத்தது. 1823இல் புளோரிடாவில் இருந்த செமினோல் தேசத்தின் வழித்தோன்றல்களுக்கே அது உரியது என்று கூறிக் கறுப்பினக் குடிகளை ஒதுக்கினர். 2000ஆம் ஆண்டில் வாக்கெடுப்பு நடத்தி, எட்டில் ஒரு பங்கு செமினோல் குருதி உள்ளவரே உறுப்பினர் என அரசியலமைப்பைத் திருத்தவும் முனைந்தனர். அமெரிக்க அரசு அதை ஏற்க மறுத்தது. 2001இல் நீதிமன்றமும் அரசின் பக்கமே நின்றது. நான்கு இருக்கைகளும் பிழைத்தன.

செமினோல் பெரும்பான்மையினரின் சினத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். எங்களைத் துரத்தியவன், எங்கள் நிலத்தை 15 செண்டுக்குப் பிடுங்கியவன், எங்களுக்கு நீதி கற்பிக்க வருகிறானா என்று அவர்கள் கேட்டால், வாஷிங்டனிடம் அதற்கு விடை இராது. தவறிழைக்கும் உரிமையும் தன்னாட்சியில் அடங்கும் என்போர் உண்டு. தன் சொத்தை வீணடிப்பது அத்தகைய தவறெனில் ஒப்புக்கொள்ளலாம். பிறருக்குக் கொடுத்த சொல்லை மீறுவதும் அதில் அடங்குமோ?

இங்கே ஒன்று கருதத் தக்கது. கிரீக் மக்களின் ஒதுக்கீட்டு நிலம் சட்டப்படி இன்னும் நிலைத்திருக்கிறது என 2020இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே ஓக்லகோமாவின் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செமினோல் நிலத்திற்கும் பொருத்தியது. அந்நிலத்திற்கு ஆதாரம் எது? 1866 உடன்படிக்கையே! வல்லரசை நோக்கி ‘உன் கையெழுத்தை மதி’ என்று கேட்கும் சிறு தேசத்தின் கையில் அந்தத் தாளைவிட வலிய படைக்கலம் இல்லை. அதில் ஒரு பத்தியை உயர்த்திப் பிடித்து மற்றொரு பத்தியைக் கிழித்தால், எதிரிக்கும் கிழிக்கும் கலையைக் கற்றுக்கொடுத்ததாகும். மேலும், தோழரை விலக்க அவர்கள் எடுத்த அளவுகோல் தம் தாய்வழி மரபிலிருந்து வந்ததன்று. அதுவும் டாஸ் ஆணையம் விட்டுச்சென்ற சரக்குதான்.

அண்டையிலுள்ள இரு தேசங்கள் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தன. 2017இல் அமெரிக்க நீதிமன்றம் கறுப்பினத்தாருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தபின், செரோக்கி தேசத்தின் உச்சநீதிமன்றமே 2021இல் தன் அரசியலமைப்பிலிருந்து ‘குருதியால்’ என்னும் சொல்லை நீக்கியது. கிரீக் தேசத்தின் உச்சநீதிமன்றம் 2025இல், 1866இல் தாங்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கையைச் சுட்டி, விடுதலை பெற்றோரின் வழிவந்தோர் குடிமக்களே என்றது. தம் மக்கள் தாமே கூறிய தீர்ப்பைத் தோற்றவர் ஏற்பது கடினமாயினும், அதை அந்நியனின் கட்டளை என்று ஏச முடியாது.

செமினோல் தேசத்தில் நிலைமை அவ்வாறு அமையவில்லை. டோசர் பார்க்கஸ், புரூனர் குடியினர் அவையில் அமர்ந்து வாக்களித்தபோதிலும், 2021இல் கோவிட் தடுப்பூசி கேட்டுச் சென்ற சிலர் திருப்பி அனுப்பப்பட்டனர். இந்தியப் பழங்குடியினர் நலவாழ்வுப் பணித்துறையின் மருத்துவம் பெற அவர்களும் தகுதியுடையோர் என்ற அறிவிப்பு அவ்வாண்டு அக்டோபரில் வந்தது. அதுவும் அமெரிக்க அரசிடமிருந்தே வந்தது. வெவோக்கா தலைநகரிலிருந்து வரவில்லை.