கண் திறந்த பின்

கண்ணைத் திறந்தால் உலகம் தெரிந்துவிடும் என்றே நாம் நம்பியிருக்கிறோம். அந்த நம்பிக்கையை அசைத்துப் பார்த்த இடம் டெல்லி தரியாகஞ்ச்.

அங்குள்ள ஷ்ராஃப் கண் மருத்துவமனையோடு இணைந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய 'பிரகாஷ்' திட்டம், பிறவியிலேயே கண்புரையால் பார்வை இழந்த பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை செய்கிறது. கட்டு அவிழ்ந்த புதிதில் அவர்களுக்குப் பொருள்கள் புலப்படவில்லை. நிறமும் ஒளியும் துண்டு துண்டாகக் கிடந்தன. பந்தின் நிழலும் ஒரு பொருளாகத் தோன்றியது. கையால் தடவி அறிந்த வடிவத்தைக் கண் இனங்காணவில்லை. தொட்டறிந்ததைப் பார்வை பெற்றவுடன் கண்டறிய முடியுமா என்று 1688இல் மாலினியூ என்ற அயர்லாந்து அறிஞர் தத்துவஞானி ஜான் லாக்கிடம் கேட்ட கேள்விக்கு, 2011இல் வெளியான ஆய்வில் இப்பிள்ளைகளே விடையானார்கள்: உடனே முடியாது, ஆனால் சில நாட்களிலேயே கண்ணும் கையும் ஒத்துப்போகத் தொடங்கும்.

சிதறிக் கிடந்ததைச் சேர்த்துவைத்தது அசைவு. கூடி நகர்பவை ஒரே பொருளின் பகுதிகள் என்று மூளை கண்டுகொண்டது. செவிக்கும் இதுவே வழி. சாந்தினி சௌக் கடைத்தெருவின் ஹாரனும் கூவலும் பேச்சும் ஒரே காற்றதிர்வாகக் கலந்தே காதில் விழுகின்றன. சேர்ந்து எழுந்து சேர்ந்து அடங்கும் அதிர்வுகளைத் தொகுத்து, உடன் நடப்பவரின் குரலை மூளை நமக்குப் பிரித்துத் தருகிறது.

நிறத்தை ஒரு பகுதியும் அசைவை வேறொரு பகுதியுமாக மூளை பகுத்தறிய, அவையெல்லாம் ஒரே கணத்தில் ஒரே பொருளாய் நமக்குத் தோன்றுவதால், உலகின் ஒருமை நமக்குத் தானாகவே வாய்த்தது என்று மயங்குகிறோம். உண்மையிலோ நினைவுக்கு எட்டாத மழலைப் பருவத்தில், எது எதோடு சேர்ந்து இயங்குகிறது என்று பொறுமையாகக் கவனித்துக் கவனித்து நாம் ஈட்டிய அறிவே இன்று காட்சியாகவும் ஒலியாகவும் நிற்கிறது. புலன்கள் தருவது செய்தி. அதைப் பொருளாக்குவது பழக்கம்.

அந்தப் பழக்கத்துக்குக் காலம் கடந்துவிடவில்லை என்பதுதான் டெல்லி கற்பித்த பெரிய பாடம். சிறு வயது தாண்டினால் சிகிச்சை வீண் என்ற பழைய கருத்தை, பத்து வயதைக் கடந்து பார்வை பெற்றும் பார்க்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் பொய்யாக்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு முழுக் கூர்மை கிட்டுவதில்லை. ஆனாலும் கிட்டியதைக் கொண்டு உலகைக் கோக்கும் திறன் அவர்களிடம் இருக்கிறது. ஆகவே, பார்வையற்ற பிள்ளை ஒன்றைக் கண்டால், வயதாகிவிட்டதென்று நாமே தீர்ப்புச் சொல்லாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.