கண்ணைப் பறிக்கும் நிறம்!

ஸ்காட்லாந்துக் குன்றுகளிலே ஆட்டு மந்தையைக் காத்த நாயினம் கோலி. குளிரைத் தாங்க நீண்ட மயிர். சிதறும் ஆட்டை மடக்கக் கூரிய அறிவு. ஆயன் அதனிடம் கேட்டது உழைப்பை, நிறத்தை அல்ல!

1860களில் விக்டோரியா அரசியார் பால்மோரல் மாளிகையிலே இவ்வினத்தை வளர்த்தார். குன்றிலிருந்த நாய் கூடத்துக்கு வந்தது; கண்காட்சி மேடையும் ஏறிற்று. உழைப்பைக் கண்ட கண், உரோமத்தை ஆராயலாயிற்று. செம்பொன்னா, மூவண்ணமா, நீலச்சாம்பலில் கருமை தெளித்த 'மெர்ல்' வண்ணமா? கழுத்திலே வெள்ளைப் பட்டை உண்டா? வெண்மை மிகுந்த கோலியை அமெரிக்கச் சங்கம் ஏற்கிறது. பிரிட்டிஷ் சங்கமோ விரும்பத்தகாதது என்கிறது. கடல் கடந்தால் களங்கம் கவினாகுமோ? மாறியது நாயா, ஏடா?

இவ்வளவே எனில் நகைத்துவிட்டு நகரலாம். ஆனால், மெர்ல் வண்ணத்துக்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2006இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பெற்றோரில் ஒருவர் வழி வந்தால், எழில். இருவர் வழியும் வந்தால், இடர்! நிறந்தரும் அணுக்கள் செவிக்கும் விழிக்கும்கூடத் தேவை. அவை குன்றுவதால், குட்டி செவிடாகவோ குருடாகவோ பிறக்கும் ஆபத்து மிகுதி. மெர்ல் நாய்கள் இரண்டை இணைத்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி இந்த இரட்டைச் சுமையோடு பிறக்கும். அத்தகைய ஈற்றைப் பிரிட்டனின் கென்னல் சங்கம் பதிவு செய்வதில்லை. எனினும், அறிந்தே இணைப்போர் உண்டு. ஏன்? அந்த ஊனக் குட்டி வளர்ந்து மூவண்ண நாயோடு கூடினால், பிறப்பவை அனைத்தும் மெர்ல்!

அழகை வெறுப்போரல்லர் நாம். ஆனால் கேட்கிறோம்: நம் விழி களிக்க, மற்றோர் உயிரின் விழியை விலையாகத் தருவதோ? 'கண்ணைப் பறிக்கும் நிறம்' என்கிறார்கள். மெய்தான், பறித்தேவிட்டது! குருடு குட்டியின் கண்ணிலா, இணைத்தவன் கருத்திலா?