தப்பாகவாவது பேசு!

ஜப்பானிய மொழி படிக்கிறாய். எழுத்துகள் அத்துப்படி. ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்விலும் தேறிவிட்டாய்.

ஆனால், ஒரு ஜப்பானியப் பெரியவர் எதிரே வந்து நின்றால்? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது!

அந்தத் தேர்வில் பேச்சுக்கென்று ஒரு பகுதியே கிடையாது. அங்கே தப்பித்தாய். வாழ்க்கையில் தப்ப முடியுமா?

உன் சாக்கு எனக்குத் தெரியும். "மரியாதைச் சொல் தவறிவிட்டால்? அவர் முகம் சுளித்தால்? அவர்களுக்கு அது பிறவியிலேயே வருவது, நமக்கு வராது!"

பொய்! முழுப் பொய்!

கெய்கோ என்னும் மரியாதைப் பேச்சோடு எந்த ஜப்பானியக் குழந்தையும் பிறப்பதில்லை. வீட்டில் அம்மாவிடமும் அப்பாவிடமும் பெரும்பாலான பிள்ளைகள் சாதாரணப் பேச்சுதான் பேசுகிறார்கள். நீ அம்மாவிடம் "சோறு போடு" என்று கேட்பதில்லையா? அதே உரிமைதான்.

வாசலைத் தாண்டினால்தான் பாடம் தொடங்குகிறது. காலை வணக்கம் சொல்ல, தோழனுக்கு 'ஒஹாயோ' போதும். ஆசிரியருக்கோ 'ஒஹாயோ கொசாய்மாஸ்'. அவர் பெயரோடு 'சென்செய்' சேர்க்காமல் கூப்பிட முடியாது.

ஆசிரியர் அறை வாசலில் நிற்கும் அந்தச் சிறுவனைப் பார்! கதவைத் தட்டுகிறான். 'ஷித்சுரேய் ஷிமாஸ்' என்று உரக்க அனுமதி கேட்கிறான். தன் வகுப்பு, தன் பெயர், யாரைப் பார்க்க வந்தான், என்ன வேலை, எல்லாவற்றையும் அங்கேயே நின்று சொல்கிறான். உள்ளே இருக்கும் அத்தனை பெரியவர்கள் காதிலும் விழுகிறது.

அவன் நெஞ்சு படபடக்காதா? படபடக்கும்! ஆனாலும் சொல்கிறான்!

தொடக்கப் பள்ளியின் 5, 6-ஆம் வகுப்புகளில் கெய்கோ பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. நடுநிலைப் பள்ளியில் இன்னும் கெடுபிடி. நேற்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்ட பக்கத்து வீட்டுப் பையன், ஒரு வயது மூத்தவன் என்பதால் விளையாட்டுக் குழுவில் 'சென்பாய்', அதாவது மூத்தவர், ஆகிவிடுகிறான்.

அத்தோடு முடிந்ததா? இல்லை! பட்டம் வாங்கி ஏப்ரலில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கும் நிறுவனங்கள் கெய்கோ பயிற்சி தருகின்றன. வெளியாரிடம் தொலைபேசியில் பேசும்போது தன் மேலாளரையே 'சான்' என்னும் மரியாதை ஒட்டுச் சேர்க்காமல் வெறும் பெயரால் குறிப்பிட வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் அது!

2007-இல் அரசின் பண்பாட்டு ஆலோசனைக் குழு கெய்கோவை 5 வகையாகப் பிரித்து வழிகாட்டியே வெளியிட்டது. யாருக்கு? சொந்த நாட்டு மக்களுக்கு!

அவர்களே தடுமாறித்தான் தேறுகிறார்கள். நீ தடுமாறினால் மட்டும் குடி முழுகிவிடுமா?

வாய் மூடி நிற்பதை மரியாதை என்று நினைக்கிறாயா? பெரியவர் வணக்கம் சொல்ல, பதில் பேசாமல் நிற்பதை எந்த ஊரில் மரியாதை என்பார்கள்?

பணிவு வேறு, பயம் வேறு! பணிவு எதிரே இருப்பவரை நினைக்கும். பயம் தன்னை மட்டுமே நினைக்கும்.

அப்பாவிடம் ஒரு பேச்சு, தம்பியிடம் ஒரு பேச்சு, வாத்தியாரிடம் ஒரு பேச்சு. 'வா'வும் 'வாங்க'வும் இடமறிந்து சொல்லி வளர்ந்த உனக்கா இது எட்டாது?

எழுந்திரு! நாளைக் காலை உன் ஆசிரியருக்கு முதல் வணக்கத்தை நீ சொல். உரக்கச் சொல். தவறினால் திருத்துவார். மறுபடி சொல்! மறுபடியும் தவறினால்? மறுபடியும் சொல்!

தப்பாகச் சொன்ன வாய்தான் ஒருநாள் சரியாகச் சொல்லும். மூடிய வாய்க்கு எந்த மொழியும் வராது. திற!