ஒயர் இல்லாத கிடார்

போளூரிலிருந்து மேலேறி ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்ந்தபோது மாலை நாலரை. காரின் டிக்கியில் இருந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு ஸ்வெட்டர், இருபது சப்பாத்தி, ஒரு பாட்டில் தக்காளித் தொக்கு, ஒரு பழைய பிளேஸ்டேஷன், ஒரு ப்ளாஸ்டிக் கிடார்.

கடைசி இரண்டும் பையனுடையவை. பன்னிரண்டு வயசு. ஜவ்வாது மலைக்குப் போகிறோம், பீமன் அருவி பார்க்கிறோம், காவலூரில் பெரிய தொலைநோக்கி பார்க்கிறோம் என்று ஒரு வாரமாக நான் கொடுத்த லெக்சரை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டான்: ''ரூம்ல டி.வி. இருக்கும்ல?''

இருந்தது. போய் இறங்கிய பத்தாவது நிமிஷம் வெளியே சாமை விளையும் மலை, உள்ளே ராக் கச்சேரி.

இந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கிடார் மாதிரியே இருக்கும், தந்தி இருக்காது. கழுத்துப் பகுதியில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று ஐந்து பட்டன்கள். தந்தி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சுவிட்ச். டி.வி. திரையில் ஒரு நெடுஞ்சாலை மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்; அதில் கலர் கலராக வில்லைகள் உங்களை நோக்கி வரும். வில்லை கோட்டைத் தொடுகிற கணத்தில் அதே கலர் பட்டனை அமுக்கி, சுவிட்சைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் ஸ்பீக்கரில் கிடார் ஒலிக்கும். தவறவிட்டால் கிடார் மட்டும் ஊமையாகிவிடும். பாடகரும் ட்ரம்ஸும் உங்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். நிறையத் தவறினால் திரையில் இருக்கும் கூட்டம் 'ஊ' என்று கத்தி மேடையை விட்டு இறக்கிவிடும்.

2005-ல் 'கிடார் ஹீரோ' என்ற பெயரில் அமெரிக்காவில் வந்தது. செய்தது ஹார்மோனிக்ஸ் என்ற கம்பெனி. எம்.ஐ.டி.யில் படித்த அலெக்ஸ் ரிகோபுலோஸ், எரன் எகோசி என்ற இரண்டு பேர் 1995-ல் ஆரம்பித்தது. வாத்தியம் தெரியாதவனுக்கும் வாசிக்கிற சந்தோஷம் கிடைக்கவேண்டும் என்பது அவர்கள் ஆசை. 2007-ல் வந்த மூன்றாவது ஆட்டம் மட்டுமே நூறு கோடி டாலருக்கு மேல் விற்றது. அதே வேகத்தில் சலித்தும் போனது. 2011-ல் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். 2015-ல் ஒருமுறை தூசி தட்டிப் பார்த்தார்கள். 2021-ல் ஹார்மோனிக்ஸை 'ஃபோர்ட்நைட்' விளையாட்டின் சொந்தக்காரர்கள் வாங்கி, 2023 டிசம்பரில் அதற்குள்ளேயே ஒரு கச்சேரி மேடையைப் போட்டுக் கொடுத்தார்கள். என் பையனுக்கு அந்தப் புது மேடை எல்லாம் இல்லை. அமெரிக்காவிலிருந்து மச்சினர் வந்தபோது, தன் பிள்ளைகள் ஆடி முடித்துப் போட்டதைக் கட்டிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு ஒரு பாட்டில் 94 சதவீதம் எடுத்துவிட்டு, வியர்வையோடு திரும்பிக் கேட்டான்: ''எப்பிடிப்பா வாசிச்சேன்?''

நான் அப்போது காபிக்குப் பால் கிடைக்காத கோபத்தில் இருந்தேன். ''நீ எங்கடா வாசிச்ச? எவனோ வாசிச்சு வெச்சிருக்கான். நீ சுவிட்ச் போட்ட. இதுக்குப் பேரு கிடாரே இல்ல'' என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கிடாரைக் கட்டிலில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றான். என் மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு ஆயிரம் வாட்ஸ் இருக்கும். அந்த நேரம் பார்த்து கரன்ட் போயிற்று.

இருட்டில் உட்கார்ந்தால் புத்தி வேலை செய்ய ஆரம்பிக்கும். நான் சொன்னது சரியா?

'தில்லானா மோகனாம்பாள்' 1968-ல் வந்தது. சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி நாகஸ்வரம் வாசிக்கிறார். நிஜமாக வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமனும் பொன்னுசாமியும். சிவாஜியின் கன்னம் உப்புவதையும், நரம்பு புடைப்பதையும், விரல் ஓடுவதையும் பார்த்துத்தான் நாகஸ்வரம் எவ்வளவு கஷ்டமான வாத்தியம் என்பது பல பேருக்குப் புரிந்தது. அவரை யாராவது பொய்யர் என்று சொன்னோமா? 1938-ல் வந்த 'நந்தகுமார்' படத்திலேயே தமிழில் பின்னணிப் பாட்டு நுழைந்துவிட்டது என்பார்கள். அன்றிலிருந்து வாயசைப்பவரையும் பாடுபவரையும் ஒரே ஆளாகப் பார்க்க நாம் பழகியிருக்கிறோம். டி.எம்.எஸ். குரலுக்கு எம்.ஜி.ஆரைப் பார்த்துக் கைதட்டியவர்கள் யாரும் ஏமாந்தவர்கள் இல்லை. தெரிந்தேதான் தட்டினார்கள்.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். மார்கழி மாசத்து சபாவில் மூன்றாவது வரிசை மாமா தொடையில் தாளம் போடுகிறாரே, அவர் என்ன செய்கிறார்? மேடையில் நடப்பதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் சமத்தில் வித்வானோடு சேர்ந்து அவர் கையும் விழும்போது அவர் முகத்தைப் பாருங்கள். அந்த ஒரு விநாடிக்கு அந்தப் பாட்டில் பாதி அவருடையது. என் பையன் செய்வது அதேதானே? என்ன, அவர் தொடைக்கு மார்க் கிடையாது.

அசல், நகல் என்று பிரிக்கப் போனால் அதுவும் லேசில்லை. முதல் 'கிடார் ஹீரோ'வில் இருந்த புகழ்பெற்ற பாட்டுகளில் பெரும்பாலானவை அசல் ஒலிப்பதிவே கிடையாது. அசல் மாதிரியே ஸ்டுடியோ கலைஞர்கள் திரும்ப வாசித்துக் கொடுத்தவை. ஆக, பெரிய கிடாரிஸ்ட்டைப் போல வாசித்த ஒருவரைப் போல வாசிப்பதாகப் பாவனை செய்கிறான் ஒரு பையன்.

நாங்கள் உட்கார்ந்திருந்த இடமும் லேசுப்பட்டது இல்லை. இந்த மலையின் அடிவாரப் பக்கம்தான் செங்கம். பழைய பெயர் செங்கண்மா. அதை ஆண்ட நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டுதான் பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம். 583 அடி. முழவு, ஆகுளி என்று வாத்தியங்களைப் பையில் கட்டி, பலாமரத்தில் காய்க்கொத்து தொங்குகிற மாதிரி சுமந்துகொண்டு மலை ஏறுகிறார்கள். ஏறும்போது மலை எழுப்பும் சத்தங்களை எல்லாம் புலவர் ஒன்றொன்றாகக் கேட்க வைக்கிறார். பாட்டுக்குப் பெயரே அதிலிருந்துதான். இரண்டாயிரம் வருஷம் கழித்து நாங்கள் ஒரு ப்ளாஸ்டிக் கிடாரைச் சுமந்துகொண்டு அந்தப் பக்கத்து மலைக்கு வந்திருக்கிறோம். கரன்ட் போனதும்தான் மலையின் சத்தமே காதில் விழுகிறது.

எங்கேயோ ஒரு ஊரில் திருவிழா போலிருக்கிறது. மேளச் சத்தம் காற்றில் வந்து வந்து போனது. அதற்கு நடுவில் இன்னொரு சத்தம். டக்... டக்டக்... டக்.

பையன் கிடாரை மறுபடி எடுத்து மாட்டியிருந்தான். டி.வி. இல்லை, வில்லை இல்லை, பாட்டு இல்லை. தூரத்து மேளத்துக்கு சுவிட்சைத் தட்டிக்கொண்டிருந்தான். இரண்டு இடத்தில் தப்பியது. நிறுத்தி, கேட்டு, மறுபடி பிடித்துக்கொண்டான். எவனோ வாசித்து வைத்தது என்று சொன்னேன் அல்லவா? அந்த டக் டக்கை யார் வாசித்து வைத்தார்கள்? அது அவனுடையது. விளையாட்டு அவன் கையில் விட்டுவிட்டுப் போன உண்மையான சொத்து.

அப்போதுதான் சொல்லலாம் என்று தோன்றியது. இருபத்தைந்து வருஷமாக யாரிடமும் சொல்லாதது.

1999. நான் பி.காம். இரண்டாம் வருஷம். கல்லூரி விழாவில் எங்கள் பசங்களின் இன்னிசைக் கச்சேரி. கிடார் வாசிக்கிறவனுக்கு அம்மை போட்டுவிட்டது. கிடார் சத்தத்தை எல்லாம் கீபோர்டிலேயே கொண்டுவந்துவிடலாம், கவலை இல்லை. ஆனால் மேடையில் ஒரு கிடார் நின்றால்தானே களை? தலைமுடி கொஞ்சம் நீளமாக இருந்த ஒரே காரணத்துக்காக என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். எலெக்ட்ரிக் கிடார். ஒயரை ஆம்ப்ளிஃபையரில் சொருகவில்லை. ஒயரின் மறுமுனை என் பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. ஒன்றரை மணி நேரம் தலையை ஆட்டி, கண்ணை மூடி, உருகி உருகி வாசித்தேன். நல்ல கைதட்டல்.

நாலாவது வரிசையில் அப்பா. சொல்லாமல் கொள்ளாமல் போளூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். கூட்டுறவு சங்கத்தில் கிளார்க். கச்சேரி முடிந்து என் தோளைத் தொட்டு, ''எப்பய்யா கத்துக்கிட்ட?'' என்றார். அவ்வளவுதான் கேட்டார். அப்போதே சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டு நின்றேன்.

அந்தத் தீபாவளி போனஸில் எனக்கு ஒரு கிடார் வாங்கி வந்தார். 2,200 ரூபாய். அப்போது எங்கள் வீட்டில் அது எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்கே தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும், ''தம்பி, மாமாவுக்கு ஒண்ணு வாசிச்சுக் காட்டு'' என்பார். பரீட்சை என்பேன். தந்தி அறுந்துவிட்டது என்பேன். பிறகு நிஜமாகவே தந்தி அறுந்தது, நான்தான் அறுத்தேன். 2011-ல் அப்பா போய்ச் சேரும்வரை, அவர் கணக்கில் நான் கிடார் வாசிக்கத் தெரிந்தவன்.

பையன் முழுசாகக் கேட்டான். இருட்டில் முகம் தெரியவில்லை. சிரிப்பான், இல்லாவிட்டால் 'ஃபிராடுப்பா நீ' என்பான் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்:

''ஒயரே இல்லைன்னா, நீ தப்பா வாசிச்சாக்கூடத் தெரியாதேப்பா. எனக்குத் தப்பு வந்தா சவுண்டு நின்னுரும்.''

நான் கணக்குப் படித்தவன். ஆடிட்டிங் பேப்பரில் முதல் பாடமே வவுச்சர். ரசீது இல்லாத செலவும் கூடாது, ரசீது இல்லாத வரவும் கூடாது. பையன் வாங்கிய 94-க்கு வவுச்சர் இருக்கிறது. தவறவிட்ட ஆறும் அதே காகிதத்தில் எழுதியிருக்கிறது. நான் வாங்கிய கைதட்டலுக்கு எந்தச் சீட்டும் இல்லை. இரண்டும் பாவனைதான். அவன் பாவனையில் தப்பு செய்ய இடம் இருக்கிறது. அதனால் கற்றுக்கொள்ளவும் இடம் இருக்கிறது. என் பாவனையில் தப்பே நடக்க முடியாது. அதனால்தான் அது பொய். சிவாஜி வாசிக்கவில்லை என்பது பார்த்த எல்லோருக்கும் தெரியும். நான் வாசிக்கவில்லை என்பது, தெரிந்தே ஆகவேண்டிய ஒரே ஆளுக்குத் தெரியாது.

இதை வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. படிக்காமலே கையெழுத்துப் போடும் அதிகாரி. மீட்டிங்கில் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, ஜெயித்தால் குரூப் போட்டோவில் நிற்கிறவர். புத்தகத்தைத் திறக்காமல் முன்னுரை எழுதித் தருபவர். ஊரைச் சொல்வானேன், கம்பெனிக்காரர்கள் அனுப்பிய செய்திக் குறிப்பில் நாலு வார்த்தையை மாற்றி, மேலே என் பெயரைப் போட்டு அச்சேற்றிய நாட்கள் எனக்கும் உண்டு. எல்லாம் ஒயர் இல்லாத கிடார்தான். தப்பாகிவிடும் அபாயம் இல்லாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு கைதட்டல் வாங்குவது.

அதற்காக அந்த விளையாட்டை ஒரேயடியாகத் தூக்கிவைக்கவும் நான் தயாரில்லை. அதில் தப்பு செய்ய இடம் இருக்கிறது. புதுசாகச் செய்ய இடம் இல்லை. ஒரு தட்டு கூடுதலாகத் தட்டினால் அதையும் தப்பு என்றுதான் எழுதிக்கொள்கிறது. வருகிற வில்லையை வருகிற நேரத்தில் அமுக்கு, மார்க் வாங்கு. நம் பள்ளிக்கூடங்கள் இதைத்தானே ரொம்ப வருஷமாக பிளேஸ்டேஷன் இல்லாமலே சொல்லிக்கொடுக்கின்றன? நானும் அப்படித்தான் பி.காம். பாஸ் செய்தேன். நிஜக் கிடாரில் கூடுதலாக விழுந்த ஒரு தட்டு சில சமயம் ஒரு பாட்டுக்கு ஆரம்பமாகிவிடும். அந்த வாசல் வரைக்கும் ப்ளாஸ்டிக் கிடார் கூட்டிக்கொண்டு போகும். உள்ளே அது வராது.

கரன்ட் வந்தபோது மணி ஒன்பது. பையன் டி.வி.யைப் போடவில்லை. ''தாத்தா வாங்கின கிடார் எங்கப்பா இருக்கு?'' என்றான்.

ஊர் திரும்பிய மறுநாள் பரணில் ஏறினோம். பழைய சூட்கேஸுக்குப் பின்னால், ஒரு வேட்டியில் சுற்றி வைத்திருந்தது. வேட்டி அப்பாவுடையது; சுற்றி வைத்ததும் அவராகத்தான் இருக்கும். ஆறில் மூன்று தந்திதான் மிச்சம். அதுவும் துரு. பையன் மடியில் வைத்துக்கொண்டு, பட்டனைத் தேடுவதுபோல விரலை வைத்து அழுத்தித் தட்டினான். தகரத்தில் கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

''தப்புப்பா'' என்றான். முகமெல்லாம் சந்தோஷம்.

புதுத் தந்தி ஒரு செட் வாங்கியிருக்கிறோம். பக்கத்துத் தெருவில் ஒருவர் சொல்லிக்கொடுக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் பையன் போகிறான். சனிக்கிழமை சாயங்காலம் நானும் போகிறேன்.