நடுவரும் அளவுகோலும்: வடவெல்லை வழக்கை முன்வைத்து

சினங்கொண்ட இரு தரப்பாரிடையே நடுவர் செய்யத்தக்கது யாது? சினம் தணிப்பதே என்பது பொதுவிடை. மணிமேகலையின் விழாவறை காதையும் வாதிடுவோரைப் பூசல் தவிர்க்குமாறே அறிவுறுத்துகிறது. வடவெல்லை வழக்கு வேறொன்றை உணர்த்துகிறது.

1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுள் சென்றது. ம.பொ. சிவஞானம் முதலியோர் தொல்காப்பியப் பாயிரம் சுட்டும் வேங்கட எல்லையைச் சான்றாக்கினர். தெலுங்குத் தரப்பினர் மாவட்டத்தின் மொழிப் பெரும்பான்மையைக் காட்டினர். ஒருவர் இலக்கியத்தாலும் மற்றவர் மக்கள்தொகையாலும் அளந்தனர். எத்துணைப் பண்போடு பேசியிருப்பினும் இவ்வழக்கு முடிந்திராது. நடுவராக அமர்த்தப்பெற்ற எச்.வி. படாஸ்கர் சிற்றூரை அலகாகவும், மொழிப் பெரும்பான்மை, நிலத்தொடர்ச்சி ஆகியவற்றை நெறியாகவும் கொண்டார். அந்நெறி இருபுறமும் இழப்பைத் தந்தது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தையும், சத்தியவேடு ஆந்திரத்தையும் சேர்ந்தன.

புத்தூருக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட வடமாலபேட்டை ஆந்திரத்திலேயே நின்றது. பெரும்பான்மையை எண்ணும் நெறி இத்தகைய ஊர்களின் தமிழ்க் குடும்பங்களை எண்ணிற்று. அவர்தம் வழக்கைக் கேட்கவில்லை. (வேங்கடத்தைப் பாடுவோரும் இவர்களைப் பெரிதும் பேசுவதில்லை.) நெறி நேர்மையானது என்பதனால் அவ்விழப்பு இல்லாததாகிவிடாது. சிறுபான்மைக் குழந்தைகட்குத் தாய்மொழித் தொடக்கக் கல்வி அளிக்க முயலுமாறு 1956இல் அரசமைப்பில் சேர்க்கப்பெற்ற 350ஏ பிரிவு, எல்லைக்கோட்டால் தீராத இவ்வழக்கிற்கே உரியது.