வாத்தியார் சொன்னால் வாய்தவறல், பையன் சொன்னால் குற்றம்

பிரெஞ்சு இயக்குநர் லோரான் காந்தேயின் 'சுவர்களுக்கு நடுவே' 2008இல் கான் விழாவின் தங்கப்பனை விருதை வாங்கிய படம். பாரிசில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு வருசம். பல பிள்ளைகள் வேறு தேசங்களிலிருந்து வந்த குடும்பத்தவர்கள். வாத்தியாராக நடித்த பிரான்சுவா பெகோதோ நிஜத்திலும் வாத்தியாராக இருந்தவர். அவருடைய நாவல்தான் படமானது.

வாத்தியார் மாரேன் கெட்டவர் இல்லை. கேள்வி கேட்க விடுகிறார். "உதாரணத்துக்கு ஏன் எப்பவும் வெள்ளைக்காரன் பேரு? எங்க பேரு வராதா?" என்றுகூட பிள்ளைகள் கேட்கலாம். அப்படிப்பட்டவரிடம்தான் அதிகாரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆசிரியர் கூட்டத்தில் சிரித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவிப் பிரதிநிதிகளை வகுப்பில் ஒரு கேவலமான சொல்லால் குறிப்பிடுகிறார். பிள்ளைகளுக்கு அது 'வேசி'. "நான் அந்த அர்த்தத்தில் சொல்லலை" என்கிறார் அவர். மாலி நாட்டுக் குடும்பத்துப் பையன் சுலேமான் கொதிக்கிறான். அவனைப் பற்றியும், 'படிப்பில் இவனுக்கு இவ்வளவுதான்' என்று அதே கூட்டத்தில் வாத்தியார் சொல்லியிருந்தார். வாத்தியாரை 'நீ' போட்டுப் பேசுகிறான். பிரெஞ்சிலும் நீ வேறு, நீங்கள் வேறு. பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும்போது பை பட்டு ஒரு மாணவியின் முகத்தில் ரத்தம்.

அந்தக் காயம் நிஜம். அதை மூடிமறைக்க வேண்டியதில்லை. ஆனால் விசாரணை யாருக்கு? பையனுக்கு மட்டும். வாத்தியாரோ விசாரிக்கும் குழுவிலேயே உட்கார்ந்திருக்கிறார். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. என் மகன் நல்லவன், வீட்டு வேலையெல்லாம் செய்வான் என்று தன் மொழியில் மன்றாடுகிறாள். அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியவன் குற்றவாளியாக நிற்கிற அந்த மகனேதான். பள்ளியை விட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்ல யாருக்கு உரிமை? சொன்னவனுக்கா, அடிபட்டவனுக்கா? "பேச்சுவாக்கில் வந்துடுச்சு, மனசுல ஒண்ணும் இல்லை" என்பதை நாமும் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! மனசுல இல்லாமலே இருக்கலாம். வலி நம் உடம்பில்தானே இருக்கிறது. தன் சொல்லுக்கு நோக்கத்தைப் பார், அவன் சொல்லுக்கு விளைவைப் பார் என்பது நியாயம் ஆகாது. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும்.

நல்ல மனசு மட்டும் போதாது. தானும் ஒரு கட்சி என்று தெரிந்தால் நீதிபதி நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டும். மாரேன் எழுந்திருக்கவில்லை. வருசக் கடைசி நாளில் ஒரு மாணவி அவரிடம் தனியாக வந்து, இந்த வருசம் நான் ஒண்ணுமே கத்துக்கலை என்கிறாள். ஆனால் சுலேமானுக்கு நடந்ததை அந்த வகுப்பு முழுதும் பார்த்தது. அதிலிருந்து பிள்ளைகள் கற்றுக்கொண்ட பாடத்தை எந்த வாத்தியார் திருத்துவார்?