நாலு ஓட்டைதானே!

பித்தப்பையை எடுத்தாயிற்று. பத்தாம் நாள் கண்ணாடி முன்னால் நிற்கிறீர்கள். வயிற்றில் நாலு சின்னத் தழும்பு. 'அட, நாலு ஓட்டைதானே! நாளைக்கே ஜிம்முக்குப் போயிடலாம்' என்கிறது மனசு.

கொஞ்சம் பொறுங்கள். அந்த மனசு யாருக்காகப் பேசுகிறது?

1985-ல் ஜெர்மனியில் எரிக் மியூஹே என்ற சர்ஜன் லேப்ராஸ்கோப் உதவியோடு பித்தப்பையை எடுத்தார். அதற்கு முன்பெல்லாம் விலா எலும்புக்குக் கீழே நீளமாகக் கிழிப்பார்கள். காயம் பெரிசாகத் தெரிந்ததால், படுத்திருப்பவரை யாரும் கேள்வி கேட்கவில்லை. இப்போது காயம் உள்ளே ஒளிந்துகொண்டது. தொப்புள் பக்கம் போட்ட தையல் உள்ளே இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டு வெயிட் தூக்கினால் அங்கே ஹெர்னியா பிதுங்கலாம். மறுநாளே நடக்கச் சொல்லும் டாக்டர், பாரம் தூக்க மட்டும் சில வாரம் தடை போடுவது அதனால்தான்.

நடப்பதெல்லாம் ஒரு எக்ஸர்சைஸா என்று நமக்கு இளக்காரம். தெருமுனைக்குள் மூச்சு வாங்கும். பக்கத்து வீட்டுத் தாத்தா கைத்தடியோடு நம்மைத் தாண்டிப் போவார். அப்போது வலிப்பது வயிறு இல்லை.

உடம்பு சொல்வதைக் கேட்டால் சோம்பேறித்தனம் ஆகிவிடுமோ? நியாயமான பயம்தான். ஆபரேஷனைச் சாக்கு வைத்து மூணு மாசம் சோபாவை விட்டு எழாதவர்களும் உண்டு. (நான் அந்தக் கட்சி!) எது ஓய்வு, எது சாக்கு என்று டாக்டரால் சொல்ல முடியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

இன்று சாயங்காலம் தாத்தா தாண்டிப் போகும்போது, உங்கள் கால் தானாக வேகம் எடுக்கிறதா, பாருங்கள்.